உடம்பு வளைய ஆரம்பிச்சாச்சு, ஹேண்டில்பாரை இறக்கலாமா? கேள்வி பதில்

ரோடு பைக் வாங்கி, கூடவே யோகாவோ ஸ்ட்ரெச்சிங்கோ விடாம செஞ்சு, "இப்ப உடம்பு நல்லா வளையுது, ஃபிட்டை (சீட், ஹேண்டில்பார் அளவுகளை) மாத்தணுமா?"ன்னு கேட்டவங்களுக்கான பதில்கள் இவை. எதைத் தொடறதுக்கு முன்னாடியும் இப்ப இருக்கிற அளவை எழுதி வச்சுக்கங்க. க்ராங்க் (பெடல் மாட்டியிருக்கிற கை) சுத்தற அச்சு நடுவிலிருந்து சீட் மேல்பக்கம் வரைக்கும் ஒன்னு, சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் நடு வரைக்கும் ஒன்னு, ரெண்டும் மில்லிமீட்டர்ல. இப்ப இருக்கிற உயரம் அடையாளம் தெரிய, சீட்போஸ்ட்ல இன்சுலேஷன் டேப் ஒரு சுத்து சுத்திடுங்க.

பிரபு, வேளச்சேரி: அக்கா, பைக் வாங்கினப்போ குனிஞ்சா விரல் முழங்காலைத் தாண்டாது. இப்ப உள்ளங்கையே தரையைத் தொடுது. ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கிற துண்டு) கீழே 10 மி.மீ. ஸ்பேசர் (உயரம் கூட்டற வளையம்) மூணு இருக்கு. மூணையும் எடுத்துடலாமா?

வேண்டாம் தம்பி. தரையைத் தொடறது சரி, எங்கிருந்து வளைஞ்சு தொடறீங்கன்னு பாருங்க. யாரையாவது பக்கவாட்டுல நின்னு வீடியோ எடுக்கச் சொல்லுங்க. இடுப்பெலும்பு முன்னால சாய்ஞ்சு, கீழ்முதுகு ஓரளவு நேரா இருந்தா அந்த வளைவு சைக்கிளுக்கு உதவும். இடுப்பு நின்ன இடத்துலயே நிக்க, முதுகு மட்டும் கூன் போட்டு இறங்கினா உதவாது. பாரை இறக்கினா அந்தக் கூன்தான் கூடும்.

அதுக்கு முன்னாடி ஒரு சோதனை. இப்ப இருக்கிற பார்லயே ட்ராப்ஸ் (பாரோட கீழ் வளைவு) பிடிச்சு, முழங்கையை மடக்கி, கால் மணி நேரம் ஒரே வேகத்துல ஓட்டிப் பாருங்க. தோள் காதை நோக்கி ஏறுதா? முழங்கை விறைச்சு நேராகுதா? அடிக்கடி கை மாத்தத் தோணுதா? அப்படின்னா தொடை பின்தசை தயாரா இருந்தும் வயித்துத் தசையும் கழுத்தும் இன்னும் தயாராகலன்னு அர்த்தம். நிறைய பேருக்குப் பார் உயரம் பிரச்சினையே இல்ல. ட்ராப்ஸைத் தொடாமலே ஓட்டிட்டு, பாரை இறக்கணும்னு ஆசைப்படறாங்க.

சோதனைல தேறிட்டா ஒரே ஒரு ஸ்பேசரை எடுங்க. எடுத்ததை ஸ்டெம்முக்கு மேலே போடுங்க, ஸ்டியரர் ட்யூபை (ஸ்டெம் கவ்வுற ஃபோர்க் குழாயை) அறுக்காதீங்க. ட்யூப் சுமார் 73 டிகிரியில பின்னால சாய்ஞ்சிருக்கறதால, பார் 10 மி.மீ. இறங்கும்போது 3 மி.மீ. முன்னாலயும் போகும். அதனால கை நீட்டற தூரமும் கூடும். மறுபடி மாட்டும்போது முதல்ல மேல் மூடி போல்ட்டை ஹெட்செட் (ஃபோர்க் திரும்பற பேரிங்) ஆட்டம் நிக்கிற வரைக்கும் இறுக்குங்க, அப்புறம் ஸ்டெம் நேரா இருக்கான்னு பார்த்துப் பக்கவாட்டு போல்ட்டுகளை இறுக்குங்க. ஸ்டெம் மேலயே எத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்கணும்னு போட்டிருக்கும், பெரும்பாலும் 5. கார்பன் ஸ்டியரரா இருந்தா உள்ளே இருக்கிற ப்ளக், ஸ்டெம் கவ்வுற இடத்துல இருக்கான்னு பாருங்க. மேலே எத்தனை ஸ்பேசர் வரைக்கும் போடலாம்னு கம்பெனி கையேட்டையும் பாத்துடுங்க. அடுத்த ஸ்பேசரைப் பத்தி ரெண்டு மூணு வாரம் கழிச்சு யோசிக்கலாம்.

ஸ்பேசரைத் தொடாம ஸ்டெம்மைத் தலைகீழா மாட்டினா போதாதா?

அது பெரிய தாவல். 100 மி.மீ. நீளம், 6 டிகிரி சாய்வு உள்ள ஸ்டெம்மைத் திருப்பினா பார் ஏறக்குறைய 2 செ.மீ. இறங்கி, 6 மி.மீ. முன்னாலயும் போகும். ஏற்கனவே மேலே ஏத்தி வச்ச ஸ்பேசர் இருந்தா அதைக் கீழே கொண்டுவந்துட்டு ஸ்டெம்மைத் திருப்புங்க. அப்பத்தான் மொத்த மாற்றம் 5, 10 மி.மீ. அளவுல நிக்கும்.

அன்வர், கோவை: ஹாம்ஸ்ட்ரிங் (தொடை பின்தசை) தளர்ந்துடுச்சு. சீட்டையும் ஏத்தணுமா சிஸ்டர்?

கால் எலும்பு நீளல இல்லையா, அதனால பெருசா ஏறாது. கவட்டை உயரத்தை (தரையிலிருந்து கவட்டை வரைக்கும்) 0.883-ஆல பெருக்கற கணக்கு அமெரிக்க சைக்கிள் வீரர் கிரெக் லெமாண்ட் காலத்துலருந்து பழக்கத்துல இருக்கு. 80 செ.மீ. கவட்டைக்கு க்ராங்க் அச்சிலிருந்து சீட் வரை 70.6 செ.மீ. வரும். அது தொடக்கப் புள்ளிதான். பின்தசை இறுக்கத்தால நீங்க அதைவிடத் தாழ்வா வச்சிருந்தா இப்ப 3 மி.மீ. ஏத்திப் பாருங்க. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால்ல 25லருந்து 35 டிகிரி மடிப்பு இருக்கணும். பின்னால வர்ற நண்பரை உங்க இடுப்பைப் பாக்கச் சொல்லுங்க. இடுப்பு இடமும் வலமும் ஆடினா சீட் அதிகமா ஏறிடுச்சு. முழங்காலுக்குப் பின்னால வலிச்சாலும் அதே சந்தேகம்தான்.

பெயர் வேண்டாம், மதுரை: கேக்கவே கூச்சமா இருக்கு அக்கா. பாரை இறக்கினதுலருந்து சீட்டோட முன்பக்கம் அழுத்தி மரத்துப்போகுது.

கூச்சமே வேண்டாம்மா, நிறைய பேர் சொல்லாம சகிச்சுக்கற விஷயம் இது. இடுப்பு முன்னால சாய்ஞ்சா உட்காரும் எலும்பு மேல இருந்த எடை முன்பக்க மென்திசுவுக்கு வந்துடுது. சீட் மேல ஒரு அட்டைப் புத்தகம் வச்சு, அது மேல போனை வச்சு லெவல் ஆப்ல பாருங்க. மூக்கை 1, 2 டிகிரி கீழே சாய்க்கலாம். அதுக்கு மேல சாய்ச்சா உடம்பு முன்னால வழுக்கி மொத்த எடையும் கைக்குப் போயிடும். அப்பவும் தீரலன்னா நடுவுல வெட்டு உள்ள, மூக்கு குட்டையான சீட்டுக்கு மாறுங்க. பேட் வச்ச ஷார்ட்ஸுக்குள்ள உள்ளாடை போடாதீங்க. மரத்துப்போறது மட்டும் "பழகிடும்"னு விடற வகை இல்ல. சீட் வர்ற வரைக்கும் பாரை ஏத்தி வச்சே ஓட்டுங்க.

எனக்கு 48 வயசு. குனிஞ்சா தொடை வயித்துல இடிக்குது. வயித்தைக் குறைக்கிறதைத் தவிர வேற வழி?

இருக்கு சார், க்ராங்க். 172.5 மி.மீ. போட்டிருந்தா 165-க்கு மாறலாம். பெடல் மேலே வரும்போது 7.5 மி.மீ. தாழ்வா நிக்கும். கீழே அதே அளவு எட்டாமப் போறதால சீட்டையும் 7.5 ஏத்துவீங்க. ஆக, இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே 15 மி.மீ. இடம் கிடைக்குது. டூர் டி பிரான்ஸ் ஜெயிச்ச பொகாச்சரே 165-லதான் ஓட்டறார், அதனால குட்டை க்ராங்க்னா கௌரவக் குறைச்சல் இல்ல. ஒன்னு மட்டும்: சீட் ஏறினதாலயே பார் 7.5 மி.மீ. இறங்கின மாதிரிதான். ஸ்பேசர்ல கை வைக்காதீங்க.

மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகுது.

உள்ளங்கை ஓரத்துல அல்நர் நரம்பு அழுந்துது. கடைசியா எதை மாத்தினீங்களோ அதைப் பழையபடி வைங்க. கையுறை வாங்கறதெல்லாம் அப்புறம். வீட்டுக்கு வந்தும் மரப்பு போகலன்னா டாக்டரைப் பாருங்க.

பிரேக் ஹோஸ் எல்லாம் ஸ்டெம்முக்குள்ளயே போற பைக் எனக்கு. ஸ்பேசரை எப்படி எடுக்கறது?

ரெண்டா பிரியற ஸ்பேசர்னா வீட்டுலயே எடுக்கலாம். இல்லன்னா கடைதான், சில மாடல்ல ஹோஸையே கழட்டி ஆயில் மாத்த வேண்டிவரும். உடம்பு இன்னும் மாறிட்டே இருக்கிறவங்க இந்த மாதிரி பைக்கை இப்ப வாங்க வேண்டாம்ங்கறது என் கருத்து.

செல்வி, திருச்சி: ஜனவரில 300 கி.மீ. ப்ரெவே (நேரக் கெடு வச்ச நெடுந்தூர சவாரி) போறேன். பாரை இறக்கி ஒரு மாசம் ஆகுது, 60 கி.மீ. வரைக்கும் வலியே இல்ல. அப்படியே போலாமா?

20 மணி நேரக் கெடு உள்ள சவாரி அது, 60 கி.மீ.யை வச்சு முடிவெடுக்காதீங்க. நடுவுல 150, 200 ஓட்டிப் பாருங்க. கடைசி 50-ல கை தானா பார் மேல்பகுதிக்கே போச்சுன்னா ஒரு ஸ்பேசரைத் திரும்பக் கீழே போடுங்க. அதையும் கிளம்பற முந்தின நாள் ராத்திரி செய்யாதீங்க, ரெண்டு வாரம் முன்னாடியே முடிச்சிடுங்க.