பக்கவாதம் வந்த அப்பாவுக்குத் தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. பழையபடி சாப்பிட முடியுமா? வீட்டில் என்ன செய்யலாம்?

பெரும்பாலும் முடியும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆரம்பத்தில் விழுங்குவதில் சிக்கல் இருக்கும். அவர்களில் நிறையப் பேர் முதல் சில வாரங்களிலேயே தேறிவிடுவார்கள். விழுங்கும் வேலையில் மூளையின் இரண்டு பக்கமும் பங்கெடுக்கின்றன. ஒரு பக்கம் அடிபட்டால் மற்றது மெல்ல மெல்ல அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கப் பழகிக்கொள்ளும். அதுவரை உணவு நுரையீரலுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. திருமங்கலத்தில் என் அத்தையை (கணவரின் அம்மா) வீட்டில் வைத்துப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் சண்டையே தண்ணீருக்குத்தான். "சோறுதான் வேணாம்னீங்க, ஒரு மடக்குத் தண்ணிக்கு என்ன?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். தண்ணீர்தான் முதல் ஆபத்து. தொண்டை மூச்சுக்குழாயை மூடுவதற்குள் அது ஓடி உள்ளே இறங்கிவிடும். இளநீர், காபிக்கும் இதே கணக்குதான். ரசம் சாதம் இன்னும் மோசம். பருக்கையை மெல்லும்போதே ரசம் முந்திக்கொண்டு ஓடும். ஜிகர்தண்டாவும் அப்படித்தான், ஐஸ்கிரீம் வாயிலேயே உருகித் தண்ணீராகும், நடுவில் கடல்பாசித் துண்டு வேறு. பார்க்க வருகிறவர்கள் வாங்கி வரும் பன்னும் வேண்டாம், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

இருமல் வரவில்லையே என்று நிம்மதி அடையவும் முடியாது. தொண்டையில் உணர்ச்சி குறைந்திருந்தால் சத்தமே இல்லாமல் உள்ளே போகும். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு "ஆ" சொல்லச் சொல்லுங்கள். குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டால் நிறுத்திவிடுங்கள். புரையேறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று உச்சந்தலையில் தட்டி, கையோடு தண்ணீர் கொடுப்போமே, அந்தப் பழக்கத்தை இப்போது விட்டுவிடுங்கள். நன்றாக இருமவிட்டாலே போதும்.

அதனால்தான் குடிக்கிறதைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்வார்கள். எவ்வளவு கெட்டி வேண்டும் என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட்தான் (பேச்சோடு விழுங்குவதற்கும் பயிற்சி தருபவர்) சொல்ல வேண்டும். அதை அளக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில் நிரப்பி 10 விநாடி ஒழுகவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பது. 4 முதல் 8 மில்லி வரை நின்றால் அது கெட்டித்தன்மைக்கான IDDSI என்ற உலக அளவுகோலில் இரண்டாம் நிலை, அதாவது லேசான கெட்டி. சிரிஞ்சின் நீளம் முக்கியம், அதனால் எது வாங்குவது என்று அவரிடமே கேளுங்கள். கஞ்சி, கூழில் ஒரு வில்லங்கம் உண்டு. எச்சில் பட்ட கரண்டியைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால் எச்சில் மாவுச்சத்தைக் கரைத்து நீர்க்க வைத்துவிடும். கொஞ்சமாகத் தனியாக எடுத்து ஊட்டுங்கள்.

நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டி, அரை மணி நேரமாவது படுக்க விடாதீர்கள். பலவீனமான பக்கக் கன்னத்தில் சோறு ஒதுங்கியிருக்கும், விரல் விட்டாவது துடைத்தெடுங்கள். குழாய் வழியே சாப்பிடுகிறவராக இருந்தாலும் வாயைச் சுத்தமாக வைப்பதில் சோம்பல் கூடாது; நிமோனியா வருவதில் வாயில் இருக்கும் கிருமிக்குப் பெரிய பங்கு.

பயிற்சிகள் நிறைய உண்டு. பலங்கொண்டு விழுங்குவது, மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்ப்பது, இப்படி. தாடையை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்குவது எல்லோருக்கும் ஒத்துவராது. வீடியோ பார்த்து நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்; பேரியம் எக்ஸ்ரேயோ மூக்கு வழி கேமராவோ வைத்துப் பார்த்தால்தான் எந்த இடத்தில் கோளாறு என்று தெரியும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் பெரியாஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள்.

அப்புறம் மாத்திரை. எல்லாவற்றையும் பொடித்துக் கொடுத்துவிட முடியாது, சில மாத்திரைகள் மெதுவாகக் கரைவதற்கென்றே செய்தவை. சீட்டை மருத்துவரிடம் காட்டி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல், புதிதாகச் சளி, மூச்சு வாங்கல் என்று எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.