சணல் துணியில் டேஷ்போர்டு

கேள்வி: பழைய ஜிப்சிக்கு டேஷ்போர்டும் பம்பரும் செய்கிறேன். ஃபைபர் கிளாஸ் தேய்த்தால் அரிப்பு தாங்கவில்லை. சணல் துணி சரிவருமா? - வாசகர், ஏற்காடு

பதில்: டேஷ்போர்டுக்குத் தாராளமாக. பம்பருக்கு வேண்டாம், அடி தாங்காது. 1957-இல் கிழக்கு ஜெர்மனியில் வந்த டிராபன்ட் காரின் வெளிப்பலகையே பருத்திக் கழிவும் பிசினும்தான்!

சணல் கண்ணாடி இழையைவிட லேசு, அரிக்காது. தூசிக்கு முகமூடி மட்டும் போடுங்கள். ஈரம்தான் எதிரி. சேலம் லீ பஜாரில் வாங்கிய சாக்கை அப்படியே எபாக்ஸி பிசினில் முக்கினேன். மறுநாள் தட்டினால் 'பொத்பொத்'. உள்ளே முழுக்கக் குமிழ். சாக்கில் எண்ணெய்ப் பசையும் உண்டு. புதுத் துணியாக வாங்கி, அலசி, சூட்டில் நன்றாகக் காயவைத்து உடனே பூசுங்கள். உங்கள் ஊர்ப் பனியில் ஒரு ராத்திரி வைத்தால் மறுபடி ஈரம் ஏறிவிடும்.