எக்ஸ்-ஃபைல்ஸ்: எது முதலிடம்? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் உங்களுக்குப் பிடித்த அத்தியாயங்களை வரிசைப்படுத்தி எழுதியிருந்ததைப் படித்தேன். 'கிளைட் புரூக்மன்ஸ் ஃபைனல் ரிபோஸ்' முதலிடத்திலும், அடுத்தடுத்து 'பியாண்ட் த சீ', 'டுவேன் பேரி', 'ஹோம்' ஆகியவையும் இருக்கின்றன. வேற்றுக்கிரகவாசிகளையும் அரசின் சதியையும் பற்றிய தொடர்கதைதானே இத்தொடரின் முதுகெலும்பு? அதிலிருந்து ஒன்றுக்கு மட்டும்தான் இடமா? பயமே அளவுகோல் என்றாலும் 'ஹோம்' அல்லவா முதலில் வர வேண்டும்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மர்மம் என்னவென்று தெரிந்துவிட்ட பிறகும் ஓர் அத்தியாயம் நம்மைத் திரும்பப் பார்க்க வைக்கிறதா என்பதே என் அளவுகோல். 1993 முதல் 2002 வரை ஒன்பது பருவங்கள் ஓடிய அந்தத் தொடர்கதை, ஒவ்வொரு கேள்விக்கும் இன்னொரு கேள்வியையே விடையாகத் தந்துகொண்டு போனதால், 'விடை வரும்' என்ற நம்பிக்கையை மட்டும் ஊன்றி நின்ற அத்தியாயங்கள் இன்று பார்க்கும்போது வலுவிழந்து தெரிகின்றன. 'டுவேன் பேரி'க்கு அந்தக் கதி நேரவில்லை. தன்னை வேற்றுக்கிரகவாசிகள் கடத்தினார்கள் என்று சொல்லிப் பணயக் கைதிகளைப் பிடித்துவைத்திருக்கும் அந்த முன்னாள் எஃப்.பி.ஐ. அதிகாரி சொல்வது உண்மையோ பொய்யோ, அவருடைய நடுக்கம் உண்மை. அந்த அத்தியாயத்தின் முடிவில், தொடரின் நாயகியான எஃப்.பி.ஐ. அதிகாரி ஸ்கல்லி கடத்தப்படுவதற்குக் காரணம், நடிகை ஜில்லியன் ஆண்டர்சன் அப்போது கருவுற்றிருந்ததுதான். படப்பிடிப்பின் நெருக்கடி ஒன்றிலிருந்து தொடரின் ஆழமான காயம் பிறந்தது என்பதை நான் வியப்போடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

'ஹோம்' குறித்து உங்களோடு பாதி உடன்படுகிறேன். 1996-இல் பார்வையாளர்களுக்கான எச்சரிக்கையோடு ஒளிபரப்பான அந்த அத்தியாயத்தில், கதவைப் பூட்டாமலே வாழ்ந்து பழகிய ஷெரீஃபின் (ஊர்க் காவல் அதிகாரியின்) வீட்டுக்குள் இரவில் கொலைகாரச் சகோதரர்கள் நுழையும் காட்சியை இன்றும் என்னால் நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை. ஆனால் அந்த அச்சத்தைத் தாண்டி ஸ்கல்லியைப் பற்றியோ அவளோடு துப்பறியும் மல்டரைப் பற்றியோ நான் புதிதாக அறிந்துகொண்டது குறைவு.

'பியாண்ட் த சீ' அந்த இடத்தில்தான் உயர்ந்து நிற்கிறது. நாற்காலியில் அமர்ந்திருக்கும் தந்தையை ஸ்கல்லி பார்க்கிறாள். அவர் உதடுகள் அசைகின்றன, ஒலி வரவில்லை. தொலைபேசி மணி அடிக்கிறது. தந்தை இறந்துவிட்ட செய்தியைத் தாய் சொல்கிறாள். இறந்தவர்களோடு தொடர்புகொள்வதாகச் சொல்லும் மரண தண்டனைக் கைதியான பாக்ஸ், தன் தண்டனை நிறைவேற்றப்படுவதைப் பார்க்க வந்தால் தந்தையின் செய்தியைச் சொல்வதாக வாக்களிக்கிறான். எல்லாவற்றையும் சந்தேகிக்கும் ஸ்கல்லி நம்பத் தவிக்கிறாள். எதையும் நம்பத் தயாரான மல்டரோ இந்த முறை சந்தேகிக்கிறான். கடைசியில் அவள் அங்கே போவதில்லை.

இதையும் மீறி 'கிளைட் புரூக்மன்' முதலிடம் பெறுகிறது. 1995-இல் டேரின் மார்கன் எழுதிய இந்த அத்தியாயத்துக்காக அவருக்கும், புரூக்மனாக நடித்த பீட்டர் பாயிலுக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருதுகள் கிடைத்தன. எவர் எப்படி இறப்பார் என்பதை முன்கூட்டியே காண்கிற ஒருவரை ஆயுள் காப்பீட்டு முகவராக ஆக்கியதிலேயே எழுத்தாளரின் மேதைமை தெரிகிறது. வரம் என்று பிறர் நினைக்கும் அந்த ஆற்றலால் புரூக்மனுக்குக் கிடைத்ததெல்லாம் சோர்வுதான், ஏனென்றால் எந்த மரணத்தையும் தன்னால் தடுக்க முடியாது என்றே அவர் நம்புகிறார்.

தானும் ஸ்கல்லியும் ஒரு படுக்கையில் இருக்கப்போவதாகவும், அவள் தன் கையைப் பிடித்திருப்பாள் என்றும் அவர் ஓரிடத்தில் சொல்கிறார். அவளுக்கும் நமக்கும் அது வயதானவரின் வரம்பு மீறிய பேச்சாகத்தான் படுகிறது. இறுதியில் உயிரை மாய்த்துக்கொண்டு கிடக்கும் அவருடைய கட்டிலில் அவள் அமர்ந்து கையைப் பற்றும்போது, அவர் கண்டது இதைத்தான் என்று புரிகிறது. அந்த முடிவு தெரிந்தபின் முதல் காட்சியிலிருந்து பார்த்தால், அவர் சொல்லும் ஒவ்வொரு வேடிக்கை வாக்கியமும் கனக்கிறது. 'பியாண்ட் த சீ' இரண்டாம் முறையும் முதல் முறை அளவுக்கே என்னைத் தொடுகிறது. இதுவோ ஒவ்வொரு முறையும் முன்னைவிட அதிகமாகத் தொடுகிறது. அந்த வேறுபாட்டுக்காகத்தான் முதலிடத்தை இதற்குக் கொடுத்தேன்.