கவர்னரைக் கட்டிய கம்பி

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

பழைய எந்திரங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். என் அப்பாவிடம் 1966ஆம் ஆண்டின் ஜான் டீர் 110 தோட்ட டிராக்டர் இருந்தது. அவர் மறைந்தபின் மூன்று ஆண்டுகள் கொட்டகையிலேயே நின்றது. சென்ற மாதம் வெளியே எடுத்தேன். எட்டுக் குதிரைத்திறன் கொண்ட கோலர் எஞ்சின். புது பேட்டரி போட்டு, கார்புரேட்டரைத் துடைத்ததும் கிளம்பிவிட்டது. ஆனால் வேகம் ஏறி இறங்கி அலைந்துகொண்டே இருந்தது. எஞ்சின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் கவர்னர் தேய்ந்திருக்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னதால், கவர்னர் கையை ஒரு கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டேன். இப்போது சீராக ஓடுகிறது, வலுவும் கூடியதுபோல் தெரிகிறது.

என் கேள்வி இதுதான். இந்த எஞ்சினை எடுத்துவிட்டு இரட்டை சிலிண்டர் கொண்ட புது எஞ்சின் பொருத்தலாமா, பழையதையே வைத்துக்கொள்வதா? பழைய பச்சை, மஞ்சள் வண்ணத்தையேதான் அடிக்க வேண்டுமா? தீப்பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் தவறா? அதைத் தொடவே வேண்டாம் என்கிறார் அம்மா.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை அந்த எஞ்சினைக் கிளப்பாதீர்கள். படித்து முடித்த பிறகும், கம்பியை வெட்டி எறியும்வரை கிளப்பாதீர்கள்.

அப்பாவின் வண்டியை மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே இழுத்திருக்கிறீர்கள். அந்தக் கொட்டகைக் கதவைத் திறக்க எவ்வளவு மனத்திடம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சென்ற வாரம்தான் என் மாமாவின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பக்கத்தைத் தாண்ட முடியாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ஆகவே கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்ணத்தைப் பற்றி இப்போது பேச ஒன்றுமில்லை. அசல் வண்ணம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: 1969இல் அதே நிறுவனம் அதே 110ஐ வெள்ளை உடலோடு, சிவப்பு, ஆரஞ்சு, நீலம், மஞ்சள் என்று விரும்பிய நிறத்தில் பானெட் போட்டு விற்றது. பிடித்ததை அடியுங்கள். எலெக்ட்ரானிக் இக்னிஷனும் போடலாம், கழற்றிய பாயிண்டை ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தால் போதும். அதற்குமுன் பாயிண்டைச் சுத்தம் செய்து, இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்துச் சரிசெய்து பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே குறை தீர்ந்துவிடும்.

இனி கம்பிக்கு வருகிறேன்.

கவர்னர் என்பது எஞ்சினுக்குப் போட்ட கால்விலங்கு என்று உங்கள் நண்பர் நினைக்கிறார். நீங்களும் நம்பிவிட்டீர்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறையாவது யோசித்தீர்களா? எஞ்சினின் வயிற்றுக்குள் கேம் ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் சிறிய பல்சக்கரம் ஒன்று இருக்கிறது. அதில் எடைகள் பொருத்தியிருப்பார்கள். வேகம் கூடக்கூட அந்த எடைகள் வெளியே விரியும். விரிந்து ஒரு தண்டைத் திருப்பும். அந்தத் தண்டில் மாட்டிய கைதான், கலவை உள்ளே போகும் வழியில் இருக்கும் கார்புரேட்டரின் தகட்டை மூடும். எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் அதே தகட்டைத் திறக்க இழுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் த்ராட்டில் நெம்புகோலைத் தள்ளும்போது தகட்டை நேராகத் திறப்பதில்லை, அந்த ஸ்பிரிங்கை இறுக்குகிறீர்கள், அவ்வளவுதான். புல் அடர்ந்த இடத்தில் எஞ்சின் திணறினால் எடைகள் சுருங்கும், ஸ்பிரிங் தகட்டைத் திறக்கும், பெட்ரோல் கூடும். புல் தீர்ந்ததும் எடைகள் விரிந்து தகட்டை மூடும். பளு ஏறும்போது கொடுக்கவும் பளு இறங்கும்போது பிடிக்கவும் தெரிந்த ஒரு கை அது. அந்தக் கையைத்தான் கட்டிப்போட்டிருக்கிறீர்கள்.

வேகம் ஏறி இறங்கி அலைந்ததற்குக் கவர்னர் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. மூன்று ஆண்டுகள் நின்ற வண்டியில் பெட்ரோல் காய்ந்து பிசினாகி, கார்புரேட்டரின் மெல்லிய துளைகளை அடைத்திருக்கும். நீங்கள் துடைத்தது வெளிப்புறத்தை. உள்ளே அடைப்பு இருந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து வேகம் விழும். கவர்னர் பதறிப்போய்த் தகட்டைத் திறக்கும். திறந்ததும் பெரிய துளை வழியாகப் பெட்ரோல் வந்து வேகம் எகிறும். உடனே கவர்னர் மூடும், மறுபடி பெட்ரோல் குறையும். இந்த ஊஞ்சலாட்டத்தைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். கம்பி கட்டியதும் தகடு திறந்தபடியே நின்றுவிட்டது, பெரிய துளை மட்டும் ஊட்டியது, ஆட்டம் நின்றது. நோய் அப்படியே இருக்க, நோயைச் சொன்ன வாயை அடைத்துவிட்டீர்கள்.

வலுவும் கூடியது என்கிறீர்கள். தம்பி, கூடியது வேகம். இந்த எஞ்சின்கள் நிமிடத்துக்குச் சுமார் 3600 சுற்று என்று வரையறுத்துச் செய்யப்பட்டவை. அந்த வேகத்திலேயே பிஸ்டன் நொடிக்கு 120 முறை நின்று திரும்புகிறது. கம்பி கட்டிய எஞ்சின் பளு இல்லாத நேரத்தில் எளிதாக 5000ஐத் தொட்டுவிடும். ஒன்றரை மடங்குகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடை இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 3600இலிருந்து 5000க்குப் போனால் விசை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. புகை வெளியேறும் வீச்சின் உச்சியில் பிஸ்டனைத் தடுக்க எதிரே அழுத்தம் எதுவும் இருக்காது. மேலே பறக்கப் பார்க்கும் பிஸ்டனை ராடின் அடிமூடியில் உள்ள இரண்டு போல்ட்டுகள்தான் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த ராடு அலுமினியம். அதற்கும் கிராங்குக்கும் நடுவில் தனி பேரிங் கிடையாது. ஆயில் பம்பும் கிடையாது. ராடின் நுனியில் உள்ள சிறு கரண்டி ஆயிலை வாரி அடிப்பதுதான் மொத்த மசகும். எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலோ வார்ப்பிரும்பு. அது வெடித்தால் துண்டுகள் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இந்த எஞ்சின்களை வேண்டுமென்றே அதிவேகத்தில் ஓட்டும் இழுவைப் போட்டிகளில் எஃகு ஃப்ளைவீலும் பாதுகாப்புத் தடுப்பும் கேட்பது அதனால்தான். நீங்கள் அதே எஞ்சினுக்குப் பின்னால், முழங்காலுக்கு இரண்டடி தள்ளி அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மாமாவிடம் இருந்தது கப் காடெட். 1961இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கொண்டுவந்த வரிசை. பெல்ட் இல்லாமல் எஞ்சினிலிருந்து தண்டு நேராகக் கியர் பெட்டிக்குப் போகும். கிளப்பும் முன் ஒவ்வொரு முறையும் அளவுகோலை உருவி ஆயில் பார்ப்பார். காலையில் பார்த்திருந்தாலும் மதியம் மறுபடி பார்ப்பார். இருபத்தைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றி, பென்சிலால் நோட்டில் எழுதுவார். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அவர் வெளியே போயிருந்த நாளில் எஞ்சின் அலைய ஆரம்பித்தது. நான் கட்டியதும் கம்பிதான். உங்களைப்போலவே எனக்கும் அது சீராக ஓடியதுபோல் இருந்தது. புல் வெட்டும் பிளேடின் இணைப்பைத் துண்டித்துப் பளு போன கணத்தில் எஞ்சின் அலறியது. சாவியை அணைக்கக் கை போகும் முன்பே ஒரே ஓர் அடி. பிளாக்கின் பக்கவாட்டில் முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. ராடின் பாதி அதன் வழியாக எட்டிப் பார்த்தது. சூடான ஆயில் என் காலணியில் ஊற்றியது.

மாமா வந்தார். பார்த்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார், அடி எதுவும் பட்டிருக்கிறதா என்று. ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு உட்கார்ந்து நோட்டில் எழுதினார். சென்ற வாரம் நான் தாண்ட முடியாமல் நின்றது அந்த வரியில்தான்: “கவர்னரைக் கம்பியால் கட்டியது. ராடு உடைந்தது.” தேதி இருக்கிறது, மணிக்கணக்கு இருக்கிறது. கட்டியவன் யார் என்று அவர் எழுதவில்லை.

உங்களுக்கு அதைச் சொல்லித் தர அப்பா இல்லை. அதனால் நான் கத்துகிறேன்.

கம்பியை வெட்டுங்கள். கார்புரேட்டரை முழுவதும் கழற்றி, ஊசித் திருகுகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு துளையிலும் கிளீனர் அடித்து மறுபக்கம் வருகிறதா என்று பாருங்கள். த்ராட்டில் தண்டை விரலால் ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால் அந்த இடுக்கு வழியாகவும் காற்று நுழைகிறது, புஷ் போட வேண்டும். கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். பெட்ரோல் தொட்டி மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கவர்னர் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள். கவர்னர் கையின் இறுக்கும் நட்டைத் தளர்த்தி, தகட்டை முழுக்கத் திறந்து பிடித்தபடி, தண்டை அதன் எல்லைவரை திருப்பி இறுக்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்புவது என்பதை உங்கள் எஞ்சினின் கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள், நண்பரைக் கேட்டுச் செய்யாதீர்கள். சூடேறிய பிறகு, பளுவோடு ஓடும்போது பெரிய துளையின் ஊசித் திருகை மெல்ல உள்ளே திருகி வேகம் விழும் இடத்தையும், வெளியே திருகி விழும் இடத்தையும் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள்.

புது எஞ்சின் போடுவதா என்று கேட்டிருந்தீர்கள். பழைய எஞ்சின் சரியாக ஓடி நீங்கள் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. கேட்காமல் எப்படி முடிவு செய்வீர்கள்? கேட்ட பிறகும் மாற்றத் தோன்றினால் மாற்றுங்கள். வண்டியின் சட்டத்தை வெட்டாமல், வெல்டிங் செய்யாமல், போல்ட்டால் கழற்றி மாட்டும்படி மட்டும் செய்யுங்கள். பழைய எஞ்சினை ஆயில் ஊற்றி மூடி வையுங்கள்.

எல்லாம் முடிந்து கிளப்பும் நாளில் அம்மாவைக் கொட்டகைப் பக்கம் கூப்பிடுங்கள். தொடாதே என்றவரிடம் காட்டிக்கொள்வதற்காக இல்லை. அந்த எஞ்சின் சரியாக ஓடினால் எப்படிக் கேட்கும் என்பது உங்கள் வீட்டில் அவருக்குத்தான் தெரியும். அவர் தலையை ஆட்டும்வரை ஊசியைத் திருகிக்கொண்டே இருங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.