ஓரிரவு வட்டி சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: வங்கிகள் தங்களுக்குள் ஓரிரவுக்குக் கொடுத்து வாங்கும் கடனின் வட்டியைத் தினமும் பார்த்துவந்தாலே நாட்டின் பொருளாதாரம் எப்படிப் போகிறது என்று தெரிந்துவிடுமாமே? – வாசகர், ஈரோடு

பதில்: வங்கிகளிடம் இன்று பணம் தாராளமா, தட்டுப்பாடா என்பது தெரியும். நாடு வளர்கிறதா என்பது தெரியாது. 2020 கடைசியில் பணம் அவ்வளவு தாராளம்: இந்த வட்டி, ரிசர்வ் வங்கியிடம் வங்கிகள் பணத்தைப் போட்டுவைத்தால் கிடைத்த ரிவர்ஸ் ரெப்போ விகிதமான 3.35 சதவீதத்துக்கும் கீழே கிடந்தது. நாட்டின் உற்பத்தி சுருங்கியதும் அதே நிதியாண்டில்தான்!

இது தன்போக்கில் ஏறி இறங்கும் வட்டியும் அல்ல. 2011 முதல் இதன் சராசரிதான் ரிசர்வ் வங்கியின் இலக்கு. அதை ரெப்போவை, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியை, ஒட்டி நிறுத்தத்தான் தினமும் பணத்தை விடுவதும் உறிஞ்சுவதும். 2022 ஏப்ரல் முதல் ரெப்போவுக்கு 0.25 சதவீதப் புள்ளி கீழே எஸ்டிஎஃப் (மிச்சப் பணத்தை ரிசர்வ் வங்கியிடம் போட்டால் கிடைக்கும் வட்டி), 0.25 மேலே எம்எஸ்எஃப் (அவசரத்துக்கு அங்கே கடன் வாங்கினால் கட்டும் வட்டி) என்று இரண்டு வரம்புகள். அவற்றுக்கு நடுவில் நடக்கும் ஆட்டத்தைப் பார்த்து யாரும் பதற வேண்டியதில்லை.

பார்ப்பதென்றால் ஒழுங்காகப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் அன்றாடப் பணச்சந்தை அறிக்கையில் அதிகபட்ச வட்டியை விட்டுவிட்டு, எடையிட்ட சராசரியை (பெரிய தொகைக்குக் கூடுதல் எடை தரும் சராசரி) எடுத்து அதிலிருந்து ரெப்போவைக் கழியுங்கள். பக்கத்திலேயே ட்ரெப்ஸ் என்ற சந்தையின் வட்டியும் இருக்கும். ஓரிரவுப் பணத்தின் பெரும்பகுதி, அரசுப் பத்திரங்களை ஈடுவைத்து அங்கேதான் கைமாறுகிறது. வங்கிகள் ஈடில்லாமல் கொடுத்து வாங்கும் ‘கால் மணி’ (call money) சந்தை சின்னத் துண்டு. சனிக்கிழமைப் பரிவர்த்தனை சொற்பம், அதைச் சேர்க்காதீர்கள்.

பிறகு நாட்காட்டி. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகள் அட்வான்ஸ் டாக்ஸ். மாதந்தோறும் 20-ஐ ஒட்டி ஜிஎஸ்டி. கம்பெனிகளின் வங்கிக் கணக்கிலிருந்து போகும் அந்தப் பணம் ரிசர்வ் வங்கியிலுள்ள அரசுக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அரசு செலவழிக்கும்வரை வங்கிகளுக்குக் கை வறட்சி, வட்டி ஏறும். மார்ச் 31-இல் கணக்கு முடிக்கும் அவசரத்தில் ஈடில்லாமல் கடன் கொடுக்க வங்கிகள் தயங்குவதால் இன்னொரு துள்ளல். இவற்றைப் போய் நெருக்கடி என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வரித் தேதி எதுவும் இல்லாமல் வட்டி நாள்கணக்கில் எம்எஸ்எஃப்பை ஒட்டியே நின்றால் அப்போது கவனியுங்கள். 2013 ஜூலையில் ரூபாய் சரிந்துகொண்டிருந்தது. ரிசர்வ் வங்கி ரெப்போவை 7.25-இலேயே வைத்துவிட்டு எம்எஸ்எஃப்பை மட்டும் 10.25 ஆக்கியது, ரெப்போவில் கிடைக்கும் தொகைக்கும் உச்சவரம்பு போட்டது. ஓரிரவு வட்டி 10 சதவீதத்தைத் தாண்டியது. ரெப்போவை மட்டும் பார்த்தவர்களுக்கு எதுவும் நடந்ததாகவே தெரிந்திருக்காது. அப்போது அரசு 91 நாளுக்குக் கடன் வாங்கும் கருவூல உண்டியலின் வட்டி, அதன் 10 ஆண்டுப் பத்திரத்தின் வட்டியையே மிஞ்சியது. வரிக் காலத் தட்டுப்பாடு அவ்வளவு தூரம் பரவாது. ஆகவே ஓரிரவு வட்டி ஏறும்போதெல்லாம் அந்த 91 நாள் வட்டியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.