இருபது மாடா, ஆறு நாம்பனா?

கேள்வி: ஐயா, வன்னியில் ஒட்டுசுட்டானுக்கு உட்பக்கமாக எங்களுக்கு 12 ஏக்கர் காணி இருக்கிறது. பாதி பற்றைக்காடு. ஒரு கிணறு உண்டு. கனடாவில் இருக்கிற அண்ணா காசு போடுகிறேன், இறைச்சி மாட்டுப் பண்ணை தொடங்கு என்கிறார். அங்கே பார்த்த அங்கஸ் இனத்தை எப்படியாவது எடுப்போம் என்பது அவருடைய ஆசை. இங்கே ஒரு தரகர் பசுவும் நாம்பனும் (இளங்காளையும்) கன்றுமாக 20 உருப்படியை மொத்தமாகத் தருகிறேன், விலையும் குறைவு என்கிறார். எதை வாங்குவது?

பதில்: தம்பி, முதலில் அண்ணாவின் ஆசையை முடித்துவிடுவோம். அங்கஸ் ஸ்கொட்லாந்து மாடு. குளிர்நாட்டு உடம்பு, பெரும்பாலும் கறுப்புத் தோல். ஆவணி வெயிலில் அது மேயாது, நிழலில் நின்று மூச்சு வாங்கும். மேயாத மாடு சதை போடாது. சில வருடங்களுக்கு முன் அரசாங்கத் திட்டத்தில் ஒஸ்ரேலியா, நியூசிலாந்துப் பக்கமிருந்து கப்பலில் இறங்கிய கறவை மாடுகள் பலருக்கு நோயாகவும் கடனாகவும் முடிந்ததை அண்ணாவுக்குச் சொல்லுங்கள். அவை கறவை இனம், இது இறைச்சி இனம் என்று அவர் வாதாடலாம். வெயிலுக்கும் உண்ணிக்கும் அந்த வித்தியாசம் தெரியாது.

வன்னிக்குத் தோதானது திமில் உள்ள மாடு. ஊர் மாடு சின்னது, பசு என்றால் பெரும்பாலும் 200 கிலோவுக்குள்தான் நிற்கும். ஆனால் காய்ந்த புல்லிலும் உயிர் பிடித்து நிற்கும். அதிலே சிந்தியோ சாகிவாலோ போன்ற பெரிய திமில் இனம் கலந்த நாம்பன் கிடைத்தால் நல்லது, உடம்பும் வரும், வெயிலும் தாங்கும். ஜேர்சி கலப்பு ஆண் கன்று மலிவாகக் கிடைக்கும், ஏனென்றால் பால் பண்ணைக்காரருக்கு அது வேண்டாத பொருள். உங்களுக்கும் அப்படித்தான் ஆகும், உடற்கட்டு சின்னது, சதை மெல்லிசு. பிறீசியன் கலப்பு உயரமாக வளரும், ஆனால் தீனி கொட்ட வேண்டும்.

சரி, தரகரின் 20 மாட்டுக்கு வருவோம். வாங்காதீர்கள்.

மாடு தன் எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப்புல் தின்னும். 200 கிலோ மாட்டுக்கு நாளுக்கு 20 கிலோ, இருபது மாட்டுக்கு 400 கிலோ. வெயில் காலத்தில் தண்ணீர் மட்டும் நாளுக்கு 600 லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். ஆறு ஏக்கர் பற்றையில் ஆவணி, புரட்டாதியில் 400 கிலோ பச்சை எங்கே இருந்து வரும்? மாசி, பங்குனியில் அரிவு வெட்டிய வயலில் மேய விடலாம், அது நல்ல காலம். காலபோகம், அதாவது மாரி நெல், விதைத்துவிட்டால் வயலுக்குள் மாடு கால் வைக்க முடியாது, காட்டுக்கரைக்கு ஒதுக்க வேண்டும். காட்டுக்கரையில் இப்போது வன இலாகாவின் எல்லைக் கல் நிற்கிறது. மேய்ச்சல் தரை இல்லாத பட்டிக்காரர் விதைப்புக்கு முன்னால் மாட்டைத் தள்ளி விற்பது இதனால்தான். உங்கள் தரகருக்கு விலை குறைவாகக் கிடைத்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அவர்களுடைய கஷ்டத்தை நீங்கள் காசு கொடுத்து வாங்கப் போகிறீர்கள்.

மழைக்கு முன்னால் மெலிந்த மாட்டை வாங்குவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2022 டிசம்பரில் மாண்டோஸ் புயலோடு வந்த குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் செத்தன. கோடையில் மெலிந்து, கூரை இல்லாமல் வெளியில் நின்ற உருப்படிகளுக்கு அந்தக் குளிரைத் தாங்கச் சத்து இருக்கவில்லை. அதனால் கொட்டிலும் வைக்கோற்போரும் எழும்பிய பிறகுதான் மாடு. ஒரு ஏக்கரில் வெட்டிப் போடுகிற கோ-3 தீனிப்புல், வேலி முழுக்க மாட்டுக்குத் தழை தரும் கிளிசரியா மரம். இவை வேர் பிடிக்கவே ஒரு மாரி வேண்டும்.

அப்புறம், முதல் வருடம் பசு வேண்டாம். சினை ஒன்பது மாதத்துக்கு மேல், பிறந்த நாம்பன் விற்கிற நிலைக்கு வர இரண்டு, மூன்று வருடம். அதுவரை அண்ணா பொறுப்பாரா? ஆறு நாம்பன் வாங்குங்கள். இரண்டு பல் விழுந்து முளைத்தவை, அதாவது இரண்டு வயதுக்குக் கிட்டவாக, 120 முதல் 150 கிலோ வரை. பத்துப் பன்னிரண்டு மாதம் வளர்த்தால் காசு திரும்பும். அதோடு புல் எவ்வளவு போகிறது, யார் என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்ற கணக்கும் கையில் இருக்கும். அதற்குப் பிறகு பசுவைப் பற்றி யோசிக்கலாம்.

மெலிந்த நாம்பனைக் கண்டு பயப்பட வேண்டாம். பசியால் மெலிந்தது நல்ல சரக்கு, வயிறு நிறையத் தின்னக் கிடைத்ததும் கிடுகிடுவென்று ஏறும். நோயால் மெலிந்ததுதான் நட்டம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் உங்கள் லாபம் இருக்கிறது. பசி மாட்டுக்குக் கண் துலக்கமாக இருக்கும், மூக்கு நனைந்திருக்கும், ஒரு பிடி கிளிசரியா நீட்டினால் பாய்ந்து வரும். நோய் மாட்டுக்கு மயிர் சிலிர்த்து நிற்கும், வயிறு பானை போல் தொங்கும், முதுகு கத்தி போல் இருக்கும். கீழ்க்கண்ணிமையை இழுத்துப் பாருங்கள், வெளிறியிருந்தால் பூச்சி. தாடைக்குக் கீழே பை போல வீங்கியிருந்தால் வாங்கவே வேண்டாம். பிறகு பின்னால் போய் நின்று பாருங்கள். பின்னங்கால்கள் விலகி, இடுப்பு அகன்று, முதுகு நீண்டிருக்க வேண்டும். சதை போட இடம் வேண்டுமல்லவா? கட்டின இடத்தில் பார்த்து விலை பேசாதீர்கள், நடக்க விட்டுப் பாருங்கள்.

எடைக்குத் தரகர் சொல்லும் கண்மதிப்பை நம்ப வேண்டாம். தையற்காரரின் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு, தோள்முனையிலிருந்து புட்டத்து எலும்பு வரை ஒரு அளவு, இரண்டும் சென்ரிமீற்றரில். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ. சுற்று 140, நீளம் 115 என்றால் 208 கிலோ. ஊர் மாட்டில் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் எலும்போடு இறைச்சி தேறும், 100 கிலோ என்று வையுங்கள். ‘நூற்றைம்பது தேறும் தம்பி’ என்று ஒருவர் சொன்னால் நாடாவைக் காட்டுங்கள். விடியற்காலையில், தண்ணீர் காட்டுமுன் அளந்து பாருங்கள். முதல் நாள் இரவு உப்புப் போட்டு, காலையில் வயிறு முட்டத் தண்ணீர் காட்டி நிறுத்துவது பழைய வித்தை. நானும் ஒருமுறை அப்படி வாங்கி, மாலைக்குள் மாடு வற்றிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

விற்பது யாரிடம் என்பதை வாங்குமுன் விசாரியுங்கள். மாட்டிறைச்சிக் கடையைப் பிரதேச சபை குத்தகைக்குக் கொடுக்கிறது. பல இடங்களில் ஒரு குத்தகைக்காரர்தான், அவர் வைத்ததுதான் விலை. பக்கத்துப் பிரதேச சபைக் குத்தகைக்காரரையும் இப்போதே போய்ப் பாருங்கள். இன்னொன்று, மாடு அறுப்பதைத் தடைசெய்யும் யோசனைக்கு 2020 செப்டெம்பரில் அமைச்சரவையே ஒப்புதல் கொடுத்தது. அந்தப் பேச்சு திரும்ப எழும்பலாம். அண்ணாவின் முழுக் காசையும் இதில் இறக்க வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அண்ணை, நான் மாங்குளம் பக்கம். மாதர் சங்கக் கடனில் இரண்டு நாம்பன் வாங்கினேன். நாலாம் நாள் வாயால் நுரை தள்ளி, குளம்பிடுக்கில் புண் வந்து ஒன்று படுத்துவிட்டது. மற்றதும் தின்னவில்லை. விற்றவர் ‘உங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதானே’ என்கிறார். காசு திரும்ப வாங்க வழி இருக்கிறதா?

பதில்: தங்கச்சி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கால்வாய் நோய், அதாவது காலிலும் வாயிலும் புண் போடுகிற நோய் போலத்தான் இருக்கிறது. அந்தக் கிருமி உடம்புக்குள் போய் வெளியில் தெரிய இரண்டு நாளிலிருந்து இரண்டு கிழமை வரை எடுக்கும். நாலாம் நாளே புண் தெரிந்ததென்றால் விற்றவரின் பட்டியிலேயே பிடித்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் வழியில் லொறியிலும் பிடித்திருக்கலாம் என்று அவர் சொல்வார். அதனால் இன்றே கால்நடை வைத்தியரைக் கூப்பிட்டு, பார்த்த திகதியோடு எழுத்தில் வாங்குங்கள். அவருடைய பட்டியிலும் அதே நோய் நிற்கிறதா என்று அயலில் கேளுங்கள், நின்றால் உங்கள் பக்கம் பலம். பிறகு மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த சபைகள், சட்டத்தரணி தேவையில்லை. முழுக்காசு கிடைக்குமென்று ஆசை காட்ட மாட்டேன், பாதியில் சமாதானம் ஆவதுதான் வழக்கம். எழுதி வாங்கின துண்டு ஏதும் இருக்கிறதா? இல்லையென்றால் காசு கொடுக்கும்போது கூட நின்றவரைக் கூட்டிப் போங்கள்.

மாடு செத்தால் வைத்தியர் பார்க்கும்வரை அறுக்கவோ தோலுரிக்கவோ வேண்டாம். மூக்காலோ பின்பக்கத்தாலோ இரத்தம் வந்திருந்தால் கிட்டவே போகாதீர்கள், அந்திராக்ஸாக இருந்தால் மனிசருக்கும் வரும். அடுத்த முறை புது மாட்டை மூன்று கிழமை தனியாகக் கட்டுங்கள்.

கேள்வி: துணுக்காயில் வாங்கின மாட்டை வவுனியாவுக்கு லொறியில் ஏற்ற என்ன கடதாசி வேண்டும்?

பதில்: காதுப்பட்டி இலக்கமும், மாட்டின் தோலில் சுட்ட, விற்றவரின் பெயரில் பதிந்த குறியும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். உரிமை உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். கால்நடை வைத்தியரின் சுகாதாரச் சான்றும், கொண்டுபோகிற அனுமதியும் கையில் இருக்க வேண்டும். அனுமதியில் எழுதின எண்ணிக்கையைவிட ஒரு கன்று கூட இருந்தாலும் ஏ9 வீதியில் மறித்தால் லொறியோடு பொலிசுக்குப் போகும். குறியின் மேல் குறி சுட்ட தழும்பு கண்டால் விலை எவ்வளவு மலிவென்றாலும் விட்டுவிட்டு வாருங்கள். அது யாரோ தேடுகிற மாடு.

கேள்வி: நாங்கள் சைவ ஆக்கள். இறைச்சிக்கு மாடு வளர்த்தால் ஊரில் என்ன சொல்வார்கள்?

பதில்: சொல்வார்கள். உங்கள் மனமும் சொல்லும் என்றால் பால் மாடோ ஆடோ வளருங்கள், அதிலும் காசு இருக்கிறது. அரை மனதோடு தொடங்கினவர்கள் விற்கிற நாளில் மனம் வராமல் இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என்று வைத்திருந்து, தீனிச் செலவிலேயே லாபத்தைத் தின்னக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.