வெப் அப்ளிகேஷன் கோடு எழுதும்போதும் டெஸ்ட் செய்யும்போதும் கவனக்குறைவால் அடிக்கடி நேரும் தவறுகள் என்னென்ன?

எல்லாவற்றையும் ஒரு ரவுண்டு செய்து பார்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

எனக்கு இன்றும் கூச்சமாக இருப்பது ஒரு லாகின் விஷயம். டீபக் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று பாஸ்வேர்டு சரிபார்க்கும் வரியை ஓடாதபடி கமென்ட் போட்டேன். திரும்ப எடுக்க மறந்துவிட்டேன். தவறான பாஸ்வேர்டு கொடுத்தால் எர்ரர் வர வேண்டும் என்று டெஸ்ட் எழுதித்தான் வைத்திருந்தேன். ஆனால் அதுவும் பச்சை காட்டியது, அதாவது பாஸ்! சக ஊழியர் ஒருவர் கைதவறி பாஸ்வேர்டைத் தப்பாக அடித்து, நேராக உள்ளே போன பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

காரணம், டெஸ்டில் ஒரு 'அவெயிட்' (பதில் வரும்வரை காத்திரு என்று சொல்லும் சொல்) விட்டுப்போயிருந்தது. லாகின் ஃபங்ஷன் பதில் தருவதற்குள் டெஸ்ட் ஃபங்ஷனே முடிந்துவிடும். சோதிக்க வேண்டியதைச் சோதிக்காமலே பாஸ். அது எழுதிய நாளிலிருந்து ஒருமுறைகூட ஃபெயில் ஆனதில்லை. அதையே நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் புது டெஸ்ட் எழுதினால், கோடை வேண்டுமென்றே உடைத்து, சிவப்பு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கமிட், அதாவது கோடில் சேர்ப்பது.

அடுத்தது, ஃபார்மில் வருவதெல்லாம் ஸ்ட்ரிங், அதாவது எண் அல்ல, வெறும் எழுத்து என்பதை மறப்பது. எண்ணிக்கைப் பெட்டியில் 1 இருக்கும்போது பிளஸ் பட்டனை அழுத்தினால் 2 வராமல் 11 வரும். வேடிக்கை என்னவென்றால் மைனஸ் ஒழுங்காக வேலை செய்யும், ஏனென்றால் கழிக்கும்போது ஜாவாஸ்கிரிப்ட் தானே எண்ணாக மாற்றிக்கொள்ளும். மைனஸை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு "ஓகே" சொன்ன ஆள் நான்தான். அதே ஜாவாஸ்கிரிப்டில் மாதம் 0-இலிருந்து தொடங்கும் என்பதையும் மறந்து பிப்ரவரியை மார்ச் ஆக்கியிருக்கிறேன். அதைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை.

டெஸ்ட் செய்பவர்கள் பட்டனை ஒருமுறை நிதானமாக அழுத்துவார்கள். யூசர் பொறுமையிழந்து மூன்று முறை தட்டுவார். மூன்று ஆர்டர் விழும். பட்டனை டிசேபிள் செய்தால் மட்டும் போதாது, ஒரே ஆர்டர் இரண்டாம் முறை வந்தால் சர்வரும் மறுக்க வேண்டும். நெட்வொர்க் வேகத்தைக் குறைத்துவைத்துத் தட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பெயர் பெட்டியில் "டெஸ்ட்" என்று மட்டும் அடித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் எழுத்துகளைச் சேமிக்கும் பழைய யூடிஎஃப்8 முறையில் ஓர் எழுத்துக்கு 3 பைட்தான் இடம். தமிழ் அதில் அடங்கிவிடும், நாமும் நம்பிவிடுவோம். எமோஜிக்கு 4 பைட் வேண்டும். யாராவது பெயருக்குப் பக்கத்தில் ஒரு பூ எமோஜியை வைக்கும்வரை எல்லாம் நன்றாகவே ஓடும்.